நித்தியமும் காலமும்: முட்டம் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ மறையில் ‘நித்தியம்’ என்பது முடிவின்றி நீளும் காலத்தைக் குறிக்கிறதா, காலத்தின் அளவைக்குள் அடங்காத வேறொரு நிலையைக் குறிக்கிறதா என்னும் வினா பழமையானது. குமரி மாவட்ட மேலைக் கடற்கரையில் கிறித்தவம் வேரூன்றிய 1544 முதல் இன்றுவரை இவ்வினா மொழிபெயர்ப்பு, நாட்கணிப்பு, நிலவியல், பேரிடர் ஆகிய தளங்களில் எவ்வாறு எழுந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நித்தியத்தை நீண்ட காலம் எனக் கொள்வதே சமயத்திற்கும் அறிவியலுக்கும் இடையே பொய்யான உடன்பாட்டையும் பொய்யான முரணையும் தோற்றுவிக்கிறது என்பதும், இரண்டையும் வேறுபடுத்தும்போது காலத்தின் மதிப்பு உயர்கிறது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நித்தியம், அநாதி, நிலைவாழ்வு, காலக்கணிதம், முட்டம், மோனசைட், பெருவெடிப்பு.

முன்னுரை

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக்கும் இராசாக்கமங்கலத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையில் அமைந்துள்ள மீனவர் ஊர் முட்டம். பாறைகளும் செம்மண் மேடும் கலங்கரை விளக்கமும் இவ்வூரின் அடையாளங்கள். கத்தோலிக்க மீனவர் நெருங்கி வாழும் இக்கரையில் காலம் பல அளவுகளால் அறியப்படுகிறது. கடலுக்குச் செல்வோர்க்குக் காற்றும் நீரோட்டமும் பருவமும் காலம் காட்டுகின்றன. கோவில் மணி வழிபாட்டு நேரத்தை அறிவிக்கிறது. முன்பு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தமையால் கொல்லம் ஆண்டும் இங்கு வழக்கில் இருந்தது. இவற்றோடு, இறப்புச் சடங்குகளிலும் மன்றாட்டுகளிலும் ‘நித்தியம்’ என்னும் சொல் இடையறாது ஒலிக்கிறது.

‘நித்தியம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உள்ளன. ஒன்று என்றும் மாறாதிருத்தல். மற்றொன்று நாள்தோறும் நிகழ்தல். நித்திய பூசை, நித்திய கருமம், நித்தமும் என்னும் வழக்குகள் பின்னதைச் சார்ந்தவை. அன்றாடத்தையும் அழிவின்மையையும் ஒரே சொல் சுமப்பதால், அச்சொல்லைக் கிறித்தவம் ஏற்றபோது அதன் பொருளை வரையறுக்க வேண்டிய தேவை எழுந்தது.

1. விசுவாச மந்திரமும் நித்தியமும்

1542இல் கோவாவை அடைந்த புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றியபின், 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தார். முட்டம் உள்ளிட்ட முக்குவர் ஊர்கள் அப்போது திருமுழுக்குப் பெற்றன. ஒரு மாதத்திற்குள் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாகக் கொச்சியிலிருந்து 1545 சனவரியில் எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார்.

அப்பணியின் கருவி மனப்பாடம். விசுவாச மந்திரம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் ஆகியன தமிழாக்கப்பட்டு மக்களுக்கு வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டன. விசுவாச மந்திரம் உலகப் படைப்பில் தொடங்கி நித்திய வாழ்வில் முடிகிறது. ஆகவே காலத்தின் தொடக்கமும் காலம் கடந்த நிலையும் அச்சு நூல் எதுவும் வருமுன்பே இக்கரை மக்களின் நாவில் இடம்பெற்றன.

அத்தமிழாக்கம் குறையற்றதன்று. 1544இல் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியார் ஒரு திருத்தத்தைச் சுட்டுகிறார். விசுவாச மந்திரத்தில் ‘நம்புகிறேன்’ என நிற்க வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் பயின்று வந்தது. அதனை நீக்கி ‘விசுவாசம்’ சார்ந்த சொல்லை ஆளுமாறு அவர் பணித்தார். விருப்பத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் ஏற்பைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையேயான வேறுபாடு சிறிதன்று. நித்தியத்தை வேண்டுவோர் அதனை இனி வரவிருக்கும் பேறாகக் காண்பர். விசுவசிப்போர் இப்போதே பற்றிக்கொள்ளும் மெய்யாகக் காண்பர். மொழிபெயர்ப்புச் சிக்கலாகத் தோன்றிய இது, காலம் பற்றிய சிக்கலுமாகும்.

பின்னர் அண்டிரிக் அடிகளார் இவ்வாக்கங்களைச் செப்பமுறச் செய்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் அச்சு வரலாற்றின் முதன்மையான சான்று. அவரே ஆக்கிய ‘அடியார் வரலாறு’ 1586இல் வெளிவந்தது. அந்நூல் புனிதர் வாழ்வை ஆண்டுச் சுழற்சியில் வரும் திருநாள்களை ஒட்டிக் கூறுகிறது. திருநாள் மரபில் நுட்பமான கருத்தொன்று உண்டு. புனிதரின் விழாநாள் பெரும்பாலும் அவர் மண்ணில் பிறந்த நாளன்று, இறந்த நாள். அந்நாளையே விண்ணகப் பிறப்பு நாளாகத் திருச்சபை கொண்டாடுகிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் 1752 சனவரி 14 அன்று கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் நினைவுநாளும் அவ்வாறே சனவரி 14இல் அமைகிறது. நாட்காட்டியின் ஒரு தேதி, நாட்காட்டிக்குள் அடங்காத நிலையின் வாயிலாகக் கொள்ளப்படுகிறது.

2. அநாதியும் நித்தியமும்

1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி இச்சொற்சிக்கலைத் தத்துவத் தளத்திற்குக் கொண்டுசென்றார். ‘நித்திய ஜீவன சல்லாபம்’, ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்னும் அவர்தம் நூற்பெயர்களே வாதத்தின் களத்தைக் காட்டுகின்றன. எதிரே நின்றது வலிமைமிக்க காலக்கோட்பாடு. 4,32,000 ஆண்டுகள் கொண்ட கலியுகம், 43,20,000 ஆண்டுகள் கொண்ட சதுர்யுகம், 432 கோடி ஆண்டுகள் கொண்ட கற்பம் எனச் சுழலும் காலம் அது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் மூன்றையும் அநாதி எனக் கொள்கிறது.

கிறித்தவ மறைக்கோட்பாட்டின்படி தொடக்கமற்றவர் இறைவன் ஒருவரே. உயிர் படைக்கப்பட்டது, எனவே அதற்குத் தொடக்கம் உண்டு, ஆயின் அழிவு இல்லை. ‘அநாதி’ தொடக்கமின்மையைக் குறிப்பது. ‘அநந்தம்’ முடிவின்மையைக் குறிப்பது. தொடக்கம் உடையதும் முடிவு அற்றதுமான உயிரைக் கிறித்தவம் பேசுவதால், இவ்விரு சொற்களும் பிரித்தாளப்பட வேண்டியனவாயின. முடிவின்மை மட்டுமே நித்தியமாயின் இறைவனின் நித்தியத்திற்கும் உயிரின் நித்தியத்திற்கும் வேறுபாடு நீளத்தளவில் மட்டுமே நிற்கும். அதனைக் கிறித்தவ மரபு ஏற்பதில்லை.

இதற்கான அடிப்படை மேலை மரபில் முன்பே இடப்பட்டிருந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய ‘அறிக்கைகள்’ நூலின் பதினொன்றாம் பகுதியில் அகுஸ்தீனார், உலகைப் படைக்குமுன் இறைவன் என்ன செய்துகொண்டிருந்தார் என்னும் வினாவை எதிர்கொள்கிறார். காலமும் படைப்பே, ஆதலால் படைப்புக்கு ‘முன்’ என்னும் காலப்பகுதி இல்லை என்பது அவர் விடை. ஆறாம் நூற்றாண்டில் போயத்தியுஸ், எல்லையற்ற வாழ்வை முழுமையாகவும் ஒருங்கேயும் உடைமையாகக் கொண்டிருத்தலே நித்தியம் எனப் பொருள்படும் வரையறையைத் தந்தார். ஓடும் ‘இப்போது’ காலத்தை ஆக்குகிறது. நிற்கும் ‘இப்போது’ நித்தியத்தை ஆக்குகிறது என்னும் வேறுபாடு அவர்வழி இடைக்கால மெய்யியலில் நிலைபெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினா தோமையார் மேலும் ஒரு படி சென்றார். உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பது விசுவாசத்தால் அறியப்படுவது. அதனைப் பகுத்தறிவால் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது என்றார். உலகம் தொடக்கமற்றதாக இருப்பினும் அது இறைவனைச் சார்ந்தே இருக்கும் என்பது அவர் கருத்தின் உட்கிடை. படைப்பு என்பது முதற்கணத்தின் பெயரன்று. எக்கணத்திலும் உள்ள சார்பின் பெயர்.

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் இவ்வேறுபாட்டின் இரு கூறுகளையும் பதிவு செய்துள்ளன. ‘சதாகாலங்களிலும்’, ‘என்றென்றைக்கும்’ போன்ற தொடர்கள் நீட்சியை உணர்த்துவன. ‘நித்திய ஜீவன்’ என்பது சீர்திருத்தத் திருச்சபையினர் வழக்கில் வேரூன்றிய தொடர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ அவ்விடத்தில் ‘நிலைவாழ்வு’ என்கிறது. ‘நில்’ என்னும் அடியிலிருந்து பிறந்த இச்சொல் நீளத்தைச் சுட்டாமல் நிலைபேற்றைச் சுட்டுகிறது. போயத்தியுஸ் மரபின் ‘நிற்கும் இப்போது’ என்னும் கருத்துக்கு இது மிக அண்மையது. யோவான் நற்செய்தி 17:3, இறைவனை அறிதலையே இவ்வாழ்வாக விளக்குவதும் கருதத்தக்கது. அங்கு ஆண்டுக்கணக்கு இல்லை.

3. அளக்கப்பட்ட காலம்

நித்தியம் அளவைக்குள் அடங்காததாயின், காலம் அளக்கப்படுவது. தமிழகத்தில் கணிதமும் வானியலும் சேர்ந்த மரபு இதில் நெடிய தேர்ச்சி உடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் கர்நாடக மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த இயேசு சபையினர் பஞ்சாங்க அட்டவணைகளைத் திரட்டிப் பிரான்சுக்கு அனுப்பினர். வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காண இந்தியா வந்த லெ ழான்தி, புதுச்சேரியில் தமிழ்ச் சோதிடர் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறைக் கணிப்பு 41 விநாடி குறைத்துக் காட்டியதாகவும், அக்கால ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயரின் கணிப்பு 68 விநாடி மிகுத்துக் காட்டியதாகவும் அவர் பதிவு செய்தார். 1825இல் சென்னையில் வெளியான ஜான் வாரனின் ‘கால சங்கலித’ நூல், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாய்பாட்டின் துணையால் கிரகணம் கணித்த தமிழரைப் பற்றிக் கூறுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கொண்ட யுகக் கணக்கும் விநாடிக் கணக்கும் ஒரே மரபில் இணைந்திருந்தன.

அளக்கப்படும் காலம் அளப்போரின் உடன்பாட்டையும் சார்ந்தது. முட்டத்திற்கு அண்மையிலுள்ள குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை ஒல்லாந்தரை வென்ற போர் இதற்குச் சான்று. அப்போர் நடந்தது 1741இல். கிரெகோரியார் நாட்காட்டியின்படி ஆகஸ்டு 10. நாட்டு வழக்கில் கொல்லம் 916 ஆடி. ஒல்லாந்து மாநிலம் 1583 தொடக்கத்திலேயே புதிய நாட்காட்டியை ஏற்றிருந்தது; ஆங்கிலேயர் 1752இல்தான் ஏற்றனர். 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரியார் பத்து நாள்களை நீக்கிச் செய்த சீர்திருத்தம் பாஸ்கு விழாவின் நாளைச் சரிசெய்யும் நோக்கமுடையது. அதன் கணிதத்தை விளக்கி நிறுவியவர் இயேசு சபை அறிஞர் கிளாவியுஸ். நித்தியத்தைப் போற்றும் விழாவைக் கொண்டாடவே காலத்தைத் துல்லியமாக அளக்கும் தேவை திருச்சபைக்கு ஏற்பட்டது.

1837இல் சுவாதித் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவப்பட்டு, ஜான் கால்டெகாட் அதன் இயக்குநரானார். 1906 சனவரி 1 முதல் 82.5 பாகை கிழக்கு நெடுவரையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. முட்டம் ஏறத்தாழ 77.3 பாகையில் உள்ளது. ஆகவே அவ்வூரின் சராசரிக் கதிரவ நேரம் சீர்நேரத்திற்கு ஏறத்தாழ 21 நிமிடம் பிந்தியது. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது முட்டத்தின் கதிரவன் இன்னும் உச்சியை எட்டுவதில்லை. கடிகார நேரம் இயற்கையின் தூய பதிவன்று. சமூகம் வகுத்த ஒழுங்கும் ஆகும்.

4. மணலில் உறையும் கடிகாரம்

முட்டத்திற்கு அருகே மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்னும் கனிமம் உள்ளது. 1909இல் செருமானிய வேதியியலார் ஷோம்பர்க் இதனை இங்கு அடையாளம் கண்டார். மோனசைட்டில் தோரியம் அடங்கியுள்ளது. தோரியம்-232 படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஈயமாகிறது. அதன் அரைவாழ்வு 1405 கோடி ஆண்டுகள். அதாவது, எடுத்துக்கொண்ட அளவில் பாதி சிதைய அத்தனை காலம் ஆகும். இன்றைய அண்டவியல் பேரண்டத்தின் வயதை ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என மதிப்பிடுகிறது. பேரண்டத்தின் வயதினும் மிக்க அரைவாழ்வு கொண்ட கடிகாரம் மீனவர் காலடி மணலில் உறைகிறது.

தென்குமரிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு உருமாறியவை. அவ்வேளையில் உருவான மோனசைட்டில் இன்றுவரை சிதைந்திருக்கக்கூடிய தோரியம் நூற்றுக்கு மூன்று பங்கிற்கும் குறைவே. அச்சிறு பங்கினை அளந்தே நிலவியலார் பாறையின் வயதைக் கணிக்கின்றனர். இதனோடு பேராயர் ஆஷர் 1650இல் விவிலிய வழிமுறைகளைக் கொண்டு உலகின் தொடக்கத்தை கி.மு. 4004 எனக் கணித்ததை ஒப்பிட்டால், அறிவியலின் முன் சமயம் தோற்றதென்று கூறத் தோன்றும். ஆயின் ஆஷர் கணித்தது காலத்தின் நீளத்தை, நித்தியத்தை அன்று. 6,000 ஆண்டுகள் 1380 கோடி ஆண்டுகளாக விரிந்தபோது திருத்தப்பட்டது காலக்கணக்கே. அகுஸ்தீனார், அக்குவினா தோமையார் ஆகியோரின் நித்தியக் கோட்பாடு அவ்விரிவால் தாக்குறவில்லை.

எதிர்த்திசையில் நிகழ்ந்த பிழையும் குறிப்பிடத்தக்கது. பெல்ஜிய நாட்டுக் குருவும் இயற்பியலாருமான ஜார்ஜ் லெமேத்ர், 1927இல் விரியும் பேரண்டக் கருத்தையும் 1931இல் ஆதி அணுக் கருதுகோளையும் முன்வைத்தார். 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆற்றிய உரையில் இவ்வறிவியல் போக்கு படைப்புக்குச் சான்று பகர்வதாகக் கருதும் தொனி இருந்தது. லெமேத்ர் இதனை விரும்பவில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது என்பது அவர் உறுதி. பெருவெடிப்பைப் படைப்பின் கணமாகக் கொண்டால், நாளை அக்கோட்பாடு மாறும்போது சமயமும் ஆட்டங்காணும். ஹாயிலுடன் சேர்ந்து ஜயந்த் நார்லிகர் தொடக்கமற்ற பேரண்ட மாதிரிகளை உருவாக்கியதும், 1955இல் கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி தந்த சமன்பாடு பின்னர்ப் பென்ரோஸ், ஹாக்கிங் ஆகியோரின் ஒருமைத் தேற்றங்களுக்கு அடிப்படையானதும் இவ்விவாதம் அறிவியலுக்குள்ளேயே நடந்ததைக் காட்டும்.

சார்பியல் மற்றொரு மயக்கத்தையும் தரக்கூடும். மின்கோவ்ஸ்கி 1908இல் வெளியையும் காலத்தையும் ஒரே நாற்பரிமாணப் பரப்பாக இணைத்தார். சென்றதும் வருவதும் ஒருங்கே இருப்பதாக அப்பரப்பைக் கருதுவோர், இதுவே போயத்தியுஸ் கூறிய நித்தியம் எனலாம். ஆயின் அப்பரப்பிலும் காலம் ஓர் அளவையாகவே உள்ளது; அதற்கு நீளமும் ஆயத்தொலைவும் உண்டு. போயத்தியுஸ் பேசியது வாழ்வைப் பற்றி. வாழ்வுக்கு இயற்பியல் ஆயத்தொலைவு தருவதில்லை, தரவேண்டியதும் இல்லை.

5. கடற்கரையின் காலமும் பொறுப்பும்

நித்தியத்தை நீண்ட காலமாகக் கொள்வதன் விளைவு தத்துவத்தோடு நிற்பதன்று. எல்லையற்ற நீளத்தின் முன் எந்த அளவும் சுழியாகும். மறுமை முடிவற்ற காலமாயின், இம்மையின் சில மணி நேரம் பொருட்படுத்தத்தக்கதன்று என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். இக்கடற்கரையின் அண்மை வரலாறு அவ்வெண்ணத்தைச் சோதித்தது.

2004 டிசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.28 மணியளவில் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை குமரிக் கடற்கரையை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தது. அவ்விடைவெளியில் எச்சரிக்கை எதுவும் கரையை எட்டவில்லை. குளச்சல், கொட்டில்பாடு முதலிய ஊர்கள் பேரிழப்பிற்கு உள்ளாயின. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்பாட்டிற்கு வந்தது. அலையின் வேகத்தைக் கணிக்கும் இயற்பியல் 2004இலும் அறியப்பட்டதே. இல்லாதிருந்தது, மூன்று மணி நேரத்தைப் பயன்கொள்ளும் அமைப்பு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர் வட்டார மீனவர் பலர் நாள்கள் பலவற்றுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்தனர். பலர் திரும்பவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. இங்கு மூன்று காலங்கள் மோதின. அப்போது நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி ஏழாண்டுகள் செய்தியில்லாதவரே இறந்தவராகக் கருதப்பட முடிந்தது. குடும்பத்தின் உணவுக்கும் கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏழாண்டுகள் காத்திருத்தல் இயலாது. ஆதலின் இத்தகைய பேரிடர்களில் அரசு அக்காலக்கெடுவைத் தளர்த்தி உதவி வழங்க நேர்ந்தது. மூன்றாவது, வழிபாட்டின் காலம். நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாளிலும் பிற நாள்களிலும் ‘நித்திய இளைப்பாற்றி’க்காக வேண்டும் மரபு, உடல் கிடைத்ததா என்று கேட்பதில்லை, ஆண்டுகளை எண்ணுவதுமில்லை.

இம்மூன்றையும் குழப்பினால் அநீதி விளையும். நித்திய இளைப்பாற்றியைச் சொல்லி இழப்பீட்டைத் தள்ளிப்போடுதல் சமயத்தின் பெயரால் நிகழும் பிழை. இழப்பீடு தந்ததும் துயரம் முடிந்ததெனக் கருதுதல் நிருவாகத்தின் பிழை. ஒவ்வொன்றும் தன் எல்லையில் நிற்கும்போதே மற்றதற்கு இடம் விடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

ஒன்று: கிறித்தவ மரபின் நித்தியம் காலத்தின் மிகைநீளம் அன்று. அகுஸ்தீனார் முதல் அக்குவினா தோமையார் வரை வளர்ந்த இக்கருத்தை ‘நிலைவாழ்வு’ என்னும் தமிழாக்கம் செம்மையாக ஏந்துகிறது.

இரண்டு: அறிவியல் காலத்தை அளக்கிறது, அதன் தொடக்கம் குறித்தும் ஆராய்கிறது. தோரியத்தின் 1405 கோடி ஆண்டுகளும் கிரகணத்தின் 41 விநாடியும் ஒரே வகைப் பொருளின் இரு அளவுகள். அவை நித்தியத்தை நிறுவவும் மாட்டா, மறுக்கவும் மாட்டா.

மூன்று: நித்தியம் எக்கணத்தோடும் ஒருங்கே நிற்பதாயின், எக்கணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அவ்வகையில் ஆழிப்பேரலைக்கு முன் கிடைத்த மூன்று மணி நேரமும் சமயப் பொருளுடையதே. அன்றாடத்தையும் அழிவின்மையையும் ‘நித்தியம்’ என்னும் ஒரே சொல்லில் தமிழ் ஏந்தியிருப்பது குழப்பமாகத் தோன்றினும், முட்டம் கடற்கரையின் வரலாறு அவ்விணைப்பின் பொருத்தத்தையே உணர்த்துகிறது. கடற்கரை ஊர்களின் வழிபாட்டு வழக்குகளையும் காலக்கணிப்பு முறைகளையும் ஒருசேரத் தொகுத்தாய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.